கஷ்ட காலத்துல எழுப்புதல் வருமா?

கேள்வி: கொரோனா வந்தப்போ இதோ எழுப்புதல் (ஜனங்க கூட்டமா கர்த்தர்கிட்ட திரும்புறது) வரப்போகுதுன்னு எங்க பாஸ்டர் சொன்னாரு, அப்புறம் போர், விலைவாசின்னு எது வந்தாலும் அதையேதான் சொல்றாரு. நிஜமாவே வருமாங்க?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வந்திருக்குங்க. 1857 செப்டம்பர்ல நியூயார்க்ல ஜெரமியா லான்ஃபியர்னு ஒருத்தர் மத்தியானத்துல ஜெபக்கூட்டம் வெச்சாரு, ரொம்ப நேரம் யாருமே வரல, கடைசில ஆறே பேரு, அடுத்த மாசமே அங்க பேங்க்குங்க காசு குடுக்குறத நிறுத்திருச்சு, வியாபாரம் படுத்துருச்சு, சில மாசத்துல பாத்தா பல ஊர்லயும் மத்தியான ஜெபத்துக்கு ஆயிரக்கணக்குல கூட்டம். ஆனா கவனிங்க, பேங்க் மூடுறதுக்கு முன்னாடியே அந்த ஆறு பேரு உக்காந்துட்டாங்க. 1860ல நம்ம திருநெல்வேலி பக்கம் அருளப்பன்னு ஒரு கிறிஸ்தவ ஊழியரோட ஊழியத்துலயும் எழுப்புதல் வந்துச்சு.

அதுக்காக கஷ்டம் வந்தா எழுப்புதலும் கூடவே வந்துரும்னு கணக்கு போட முடியாதுங்க (தேதி குறிச்சு சொல்ற பிரசங்கத்த நான் நம்புறதே இல்ல). பைபிள்ல ஆபகூக் தீர்க்கதரிசியோட புஸ்தகம் 3ஆம் அதிகாரம் படிங்க, மரம் பூக்கல, வயல் விளையல, தொழுவத்துல மாடு இல்ல, அப்பவும் அவரு கர்த்தர்ல சந்தோஷப்படுறாரு. மாங்கா விலை விழுந்து தோப்பையே பாத்துட்டு நிக்கிற உங்க ஊரு ஆளுக்கு அந்த அதிகாரம் நல்லாவே புரியும். பாஸ்டர்கிட்ட சண்டை வேணாம், பக்கத்து வீட்டு ரெண்டு பேர கூப்பிட்டு இந்த வாரமே ஜெபத்த ஆரம்பிங்க.