உலகம் சுற்றும் டிக்கெட்டும் மைல் கணக்கும்: வடசென்னைக் கேள்விகள்

மண்ணடியில் டிக்கெட் போடுகிற வேலை எனக்கு. உலகம் சுற்றும் டிக்கெட் எடுத்து மைல் (பறப்பதற்கு விமானக் கம்பெனிகள் தரும் புள்ளி) சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரம்: நானும் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். ஒரே டிக்கெட்டில் உலகம் சுற்ற ஆசை. எதை எடுத்தால் மைல் அதிகம் சேரும்?

இரண்டு வகை இருக்கிறதும்மா, இரண்டும் பல விமானக் கம்பெனிகள் சேர்ந்த கூட்டணிகள் தருவது. ஸ்டார் அலையன்ஸ் டிக்கெட்டுக்கு மொத்த தூரம்தான் கணக்கு. உச்ச வரம்பு 39,000 மைல். ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரரில் தூரத்தை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை கண்டம் தொடுகிறீர்கள் என்பதற்குத்தான் விலை, மூன்றிலிருந்து ஆறு வரை. இரண்டிலும் 16 செக்டர் (ஏறி இறங்கும் ஒவ்வொரு பயணமும் ஒரு செக்டர்) வரை போகலாம், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போய், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை தாண்டி, புறப்பட்ட நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

மைல்தான் குறி என்றால் இரண்டாவதை எடுங்கள். டல்லாஸிலிருந்து ஹூஸ்டன் 220 சொச்சம் மைல். அதே டல்லாஸிலிருந்து ஹவாயின் ஹொனலுலு சுமார் 3,800 மைல். எக்ஸ்ப்ளோரரில் இரண்டும் ஒரு செக்டர்தான், ஹவாயும் வட அமெரிக்கக் கணக்கில்தான் வரும். ஹொனலுலுவிலிருந்து டோக்கியோ போனால் பசிபிக்கும் தாண்டியாச்சு. பக்கத்து ஊருக்குப் பறந்து செக்டரை வீணாக்காதீர்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ போகிற இடைவெளியும் பதினாறில் ஒன்றைத் தின்றுவிடும். இன்னொன்று: இவர்கள் கணக்கில் தோஹாவும் கெய்ரோவும் ஐரோப்பா. பள்ளிக்கூட பூகோளத்தை மறந்துவிட்டு இவர்கள் வரைபடத்தைப் பாருங்கள்.

வகுப்பையும் கவனியுங்கள். பிசினஸ் டிக்கெட் 'டி' எழுத்தில் விழும், மைல் தாராளமாக வரும். எகானமி 'எல்'. பல மைல் திட்டங்களில் 'எல்' எழுத்துக்குப் பறந்த தூரத்தில் ஒரு பங்குதான் கொடுப்பார்கள். எகானமியில் ஊர் பார்க்கப் போங்கள், மைலுக்காகப் போகாதீர்கள்.

எல்லா செக்டரையும் ஒரே மைல் திட்டத்தில், ஒரே உறுப்பினர் எண்ணில் சேருங்கள். கத்தார் ஏர்வேஸில் கொஞ்சம், கேத்தே பசிபிக்கில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் எதிலும் அந்தஸ்து (அடிக்கடி பறப்பவருக்குக் கிடைக்கும் சலுகை நிலை) வராது.

காசிமேடு: என் இண்டிகோ புள்ளிகள் இதில் சேருமா?

சேராது. இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை.

எண்ணூர்: கப்பல் வேலை. கம்பெனி மரைன் ஃபேரில், அதாவது கப்பல்காரர்களுக்கான தனிக் கட்டணத்தில், டிக்கெட் போடுகிறது. மைல் எனக்கு வருமா, கம்பெனிக்கா?

பறக்கிறவருக்குத்தான், தம்பி. டிக்கெட்டில் உள்ள வகுப்பு எழுத்து மைல் தரும் எழுத்தா என்று மட்டும் பாருங்கள். மரைன் ஃபேரில் சில எழுத்துகளுக்கு ஒன்றுமே கிடையாது. கம்பெனி உங்கள் எண்ணைப் போட்டிருக்காது. செக்-இன் கவுன்ட்டரில் நீங்களே கொடுங்கள். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழிக்க வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை ஹூஸ்டன், பிரேசிலின் சாண்டோஸ் என்று போகிறவர் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு அந்தஸ்து வாங்கிவிட்டால், எகானமியில் போனாலும் லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ் இரண்டும் உண்டு. ஆனால் ஒரே எண். திரும்பவும் சொல்கிறேன், ஒரே எண்.

தண்டையார்பேட்டை: கொழும்பில் தொடங்கினால் மலிவு என்கிறார்களே, அதை ஏன் சொல்லவில்லை?

புறப்படும் நாட்டைப் பொறுத்து விலை மாறும், அது நிஜம். ஆனால் கொழும்புக்குத் தனி டிக்கெட், முடித்துத் திரும்ப இன்னொரு டிக்கெட். அதையும் கூட்டிப் பாருங்கள்.

அதே தண்டையார்பேட்டை: கூட்டவே வேண்டாம். கொழும்பு–சென்னை முதல் செக்டர். அதை விட்டுவிட்டு நான் சென்னையில் ஏறிக்கொள்கிறேன்.

முதல் கூப்பன், அதாவது டிக்கெட்டில் முதல் செக்டருக்கான பகுதி, பறக்காமல் போனால் மிச்ச பதினைந்தும் ரத்து. சென்னையில் உங்கள் சீட்டே இருக்காது.

மறுபடியும் அவரே: கவுன்ட்டரில் பேசிச் சமாளிக்கலாம், சார். எல்லாம் நடக்கிறதுதான்.

மூலக்கொத்தளம் சிக்னலில் நடக்கும். இங்கே டிக்கெட்டை ரத்து செய்வது கம்ப்யூட்டர். அதனிடம் யார் பேசுவது?

திருவொற்றியூர்: நான் தண்டையார்பேட்டைக்காரர் பக்கம். இரண்டு நாள் முன்னாடியே கொழும்பு போய்த் தங்கிவிட்டால் என்ன ஆபத்து?

இது நியாயமான பேச்சு. முதல் செக்டரைப் பறந்தே தீருவேன் என்றால், தனி டிக்கெட் விமானம் தாமதமானாலும் ஒரு நாள் கையில் இருக்கும் என்றால், மிச்சமாகும் பணம் போக வர ஆகும் செலவையும் ஹோட்டலையும் தாண்டினால், தாராளமாகக் கொழும்பிலேயே தொடங்குங்கள். ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டில்தான் இருக்கிறது. நான் சண்டை போடுவது கூப்பனை விடுகிற யோசனையோடு மட்டும்தான்.

வியாசர்பாடி: அமெரிக்க விசா இல்லை. இறங்காமல் விமானம் மட்டும் மாறிப் போகலாமா?

முடியாது. அமெரிக்காவில் விமானம் மாறவும் நமக்கு விசா வேண்டும். வேறு வழி இருக்கிறது: குவாண்டாஸ் சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு நேராகப் பறக்கிறது. தெற்கே பசிபிக்கைத் தாண்டி, சாண்டியாகோவிலிருந்து ஐபீரியாவில் மாட்ரிட் போகலாம். ஆஸ்திரேலியா, சிலி, ஷெங்கன் விசாக்களை முதலில் பாருங்கள், டிக்கெட் அப்புறம். பாதையைப் பிறகு மாற்றினால் கட்டணம் உண்டு. தேதி மாற்றம் அவ்வளவு வலிக்காது.

பேசின் பிரிட்ஜ்: எமிரேட்ஸில் நிறைய மைல் வைத்திருக்கிறேன். இதில் சேருமா?

காசிமேட்டுக்குச் சொன்ன பதில்தான்.

புது வண்ணாரப்பேட்டை: நள்ளிரவு விமானத்துக்கு ஏர்போர்ட் எப்படிப் போவது?

விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நேராக ஏர்போர்ட் போகிறது. கடைசி ரயிலுக்குக் காத்திருக்காமல் முன்னாடியே ஏறுங்கள்.

கொடுங்கையூர்: என் மைலையும் மனைவி மைலையும் ஒரே கணக்கில் போட்டுவிடலாமா? நீங்கள்தானே ஒரே எண் என்றீர்கள்?

ஆளுக்கு ஒரு எண்! மைல் பறந்தவர் பெயரில்தான் ஏறும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி சில திட்டங்களில் குடும்பக் கணக்கு தொடங்கி, செலவழிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். அந்தஸ்து மட்டும் யார் பறந்தாரோ அவருக்கே.

தண்டையார்பேட்டை: கடைசி செக்டரை விட்டால் தப்பில்லையே, சார்?

கொழும்புக்கே போய்க் கேளுங்கள்.