பழைய டிராவல் டிரெய்லருக்கு வெள்ளை அடிக்கும் முன்

கேள்வி: 1960-களில் செய்த, மரச்சட்டமும் அலுமினியத் தகடும் கொண்ட டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்தெறிந்துவிட்டு வெள்ளை அடித்தால் வெளிச்சமாக இருக்கும் என்கிறார்கள். பழைய தன்மை கெடாமல் அதை எப்படிச் சீரமைப்பது?

பதில்:

தயவுசெய்து எதையும் பிரித்தெறிய வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையிலாவது கடப்பாரையைக் கீழே வைத்திருங்கள். நீங்கள் வாங்கியிருக்கும் அதே வகை வண்டியை, 1962-இல் செய்யப்பட்ட ஒன்றை, நானும் என் மைத்துனரும் சேர்ந்து சீரமைத்திருக்கிறோம். தச்சு எனக்குத் தொழில் அன்று. எனவே தொழில் தெரிந்தவர்கள் இங்கே கூடுதலாகச் சொல்லக்கூடும். ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு பலகையையும் கையில் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில், உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஆலோசனை தவறானது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

வண்டி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. வீடு கட்டுபவர்கள் சுவரெழுப்பிக் கூரை போட்ட பிறகே அலமாரி வைப்பார்கள். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் மரச்சட்ட டிரெய்லர்களைச் செய்த முறை அதற்கு நேர் எதிரானது. இரும்பு அடிச்சட்டத்தின் மேல் தரைப்பலகையைப் பொருத்தி, அலமாரி, இருக்கை, சமையல் மேடை ஆகியவற்றை அதன் மேல் நிறுத்தி, அவற்றை ஒட்டிப் பக்கச்சுவர்களை எழுப்பி, சுவரின் வெளிப்புறத்திலிருந்தே அலமாரிக்குள் இறங்குமாறு ஆணியும் ஸ்டேப்பிளும் அடித்து, மின்கம்பிகளை ஓட்டி, கடைசியாகத்தான் அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். அலமாரியைச் சுவரோடு பிணைத்திருக்கும் ஆணிகள் உள்ளே நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். உள்ளிருந்து நெம்பினால் அலமாரியும் பிளக்கும், சுவர்ப் பலகையும் கிழியும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்தச் சுவரில் இருப்பவை ஒன்றுக்கு இரண்டு அங்குலம் என்ற அளவிலான மெல்லிய கட்டைகளும் 3 மி.மீ. பிளைவுட்டும் மட்டுமே, அது சாயாமல் நிற்பதற்கு அந்த அலமாரிகளே முட்டுக் கொடுக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால், சாலையில் குலுங்கக் குலுங்க மூட்டுகள் தளர்ந்து, தகட்டின் இணைப்புகள் வாய் திறந்து, மழைநீர் உள்ளே வர வழி பிறக்கும். ஆகவே பழைய அலமாரியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதை வெறும் ரசனை என்று தள்ளிவிடாதீர்கள்.

இத்தகைய வண்டியை அழிப்பது நீர்தான். உங்கள் வண்டியின் பின்பக்கச் சன்னலுக்குக் கீழே இரு மூலைகளிலும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பலகை உள்வாங்கினால், அதற்குப் பின்னால் உள்ள சட்டம் உளுத்துவிட்டது என்று பொருள். எங்கள் வண்டியில் இடது மூலை அப்படித்தான் இருந்தது. சிலர் அந்த இடத்தில் மட்டும் உட்புறத்திலிருந்து ஒரு புதிய பலகையை ஒட்டிவிடலாம் என்றார்கள். நாங்கள் அதற்கு உடன்படாமல், கட்டிய வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொண்டு வெளியிலிருந்து வேலையைத் தொடங்கினோம். விளிம்பைச் சுற்றி வளைந்து செல்லும் அலுமினியப் பட்டையை முதலில் எடுத்து, சன்னல்களையும் கதவையும் கழற்றி, கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போட்டு ஏற்றப்பட்டிருந்த தகடுகளை மேலிருந்து கீழாக இறக்கி வைத்தோம். ஒவ்வொரு தகட்டுக்கும் எண் எழுதினோம். கழற்றுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்தோம். உளுத்த சட்டத்தையும் உடனே குப்பையில் போடவில்லை. தொட்டால் உதிரும் நிலையில் இருந்த வளைவுக் கட்டையைக் கூட அட்டையின் மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றிவர வரைந்து, அதன் பிறகே புதிய கட்டையை அறுத்தோம். அந்த வளைவில் அரை அங்குலம் பிசகினாலும் பழைய தகடு திரும்பப் பொருந்தாது. தகடு பொருந்தாவிட்டால் வண்டியின் முகமே மாறிவிடும்.

தகட்டைக் கழற்றியபோது உட்பலகைகளின் முதுகு தெரிந்தது. தொழிற்சாலையில் வேலை செய்த யாரோ ஒருவர் தடித்த பென்சிலால் எழுதிய அளவுகள் அதில் இருந்தன. ஓரிடத்தில் ஒரு கூட்டல் கணக்கைத் தவறாகப் போட்டு, அடித்துவிட்டு, அருகிலேயே திருத்தி எழுதியிருந்தார். அறுபது ஆண்டுகள் இருட்டில் கிடந்தும் அந்த எழுத்து மங்கவில்லை. மைத்துனர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் உளுத்திருந்த கீழ் விளிம்பை மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, அதே தடிமனுள்ள பிர்ச் மரப் பிளைவுட்டைச் சேர்த்து, எழுத்து இருந்த பகுதியை இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தினோம். இனி யாருடைய கண்ணிலும் படப்போவதில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை தகட்டைக் கழற்றுபவரின் கண்ணில் அது படும். எங்களுக்கு அந்தக் காரணம் போதும்.

மூடும்போது இணைப்புகளில் சிலிகான் பூச வேண்டாம். அது காய்ந்த பிறகு அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது, அதன் மேலேயே பூசும் புதிய சிலிகான் உட்பட. அலுமினியத்தில் அதன் படலத்தை முழுமையாக அகற்றுவதும் மிகக் கடினம். இணைப்புகளை அடைத்திருந்த பழைய பட்டி காய்ந்து வெடித்திருக்கும். அதை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தேய்ப்பானால் சுரண்டி எடுத்துவிட்டு, பியூட்டில் நாடாவை (ரப்பர் போன்ற ஒட்டு நாடா) வைத்து விளிம்புப் பட்டையைத் திருகி இறுக்குங்கள். அது பல ஆண்டுகள் இளக்கமாகவே இருக்கும். வண்டி குலுங்கும்போது சேர்ந்து அசைந்து கொடுக்கும். தேவைப்பட்டால் பிரித்தெடுக்கவும் முடியும். முதல் சில நாள் வெயிலில் ஓரங்களில் பிதுங்கி வரும். அதைச் சீவிவிட்டுத் திருகுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினால் போதும்.

இனி வெள்ளை வண்ணத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து மரச்சட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றின் உட்புறம் பிர்ச் பிளைவுட்டால் ஆனது. அதன் மேல் ஷெல்லாக், லாக்கர், வார்னிஷ் ஆகியவற்றில் ஒன்று பூசப்பட்டிருக்கும். உங்களுடையது எது என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. அலமாரிக் கதவின் உட்புறத்தில், கண்ணில் படாத மூலையில், பஞ்சை ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) நனைத்து வையுங்கள். மெருகு இளகிப் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக். இளகவில்லை என்றால் லாக்கர் தின்னரை வைத்துப் பாருங்கள். அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் வார்னிஷ். எங்கள் வண்டியில் ஸ்பிரிட் பட்ட இடம் சிறிது நேரத்திலேயே இளகி, அறுபது ஆண்டு அழுக்கு பஞ்சில் காப்பித்தூள் நிறத்தில் இறங்கிவர, அடியில் தேன் நிறத்தில் மரத்தின் ரேகை தெளிந்தது. அரக்குப் பூச்சியின் பிசினிலிருந்து வரும் ஷெல்லாக்கின் பெருமை என்னவென்றால், புதிதாகப் பூசும் கோட் பழைய கோட்டைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும். ஒட்டுப்போட்ட எல்லை தெரியாது. பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. நீரும் இரும்பு ஆணியும் சேர்ந்து உண்டாக்கிய கருங்கறைகள் மட்டும் அதற்கு மசியா. அந்த இடங்களில் மெருகை நீக்கி, ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, கறை வெளுத்ததும் நன்றாகக் கழுவித் துடைத்து, முழுவதும் உலரவிட்டு, பிறகு மெருகேற்றுங்கள். அது நச்சுப்பொருள் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளைவுட்டின் மேல் அடுக்கு மிக மெல்லியது. உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அது கிழிந்து அடியில் உள்ள குறுக்கு அடுக்கு தெரிந்துவிடும். வண்ணத்தை நான் எதிர்ப்பதும் இதனால்தான். ஒருமுறை அது மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டால், இவ்வளவு மெல்லிய பலகையிலிருந்து அதைத் தேய்த்தெடுக்க இடமே கிடையாது. வெளிச்சம்தான் உங்கள் கவலை என்றால், பழைய விளக்குக் கூடுகளுக்குள்ளேயே இளமஞ்சள் எல்இடி விளக்குகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில் மட்டும் ஷெல்லாக் தாங்காது. நீர் பட்டால் வெளுக்கும், சுடுபாத்திரம் பட்டால் இளகும். அங்கே மெழுகு நீக்கிய ஷெல்லாக்கின் மேல் வார்னிஷ் பூசலாம். மெழுகு உள்ளதன் மேல் பாலியூரித்தேன் வகை வார்னிஷ் சரியாகப் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கீல்களையும் கைப்பிடிகளையும் தூக்கியெறியாதீர்கள். எங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் அவற்றின் மேலும் வண்ணம் அடித்திருந்தார். சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவிட்டபோது அந்தத் தோல் தானே உரிந்து வந்தது. அடியில் சுத்தியல் தட்டியது போன்ற புள்ளிகளோடு செம்பு நிறத்தில் அசல் கீல் அப்படியே இருந்தது. ஷாஸ்டா என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரெய்லர்களில் அடையாளமாக உள்ள பின்புறச் சிறகுகளைப் பளபளவென்று மினுக்கி வைத்துக்கொண்டு, உள்ளே அடுக்குமாடிக் குளியலறை போல ஓடு பதித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. ஓடும் கல்மேடையும் எடையைக் கூட்டும் என்பது வேறு. இத்தகைய டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுவைக் கொக்கியின் மேல் இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரத்தை ஏற்றிவிட்டால் அந்த விகிதம் குறைந்து, வேகமாகச் செல்லும்போது வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுத்துச் செல்லும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடும்.

'அப்படியானால் பழைய பிரேக்கோடும் பழைய வயரிங்கோடும்தான் ஓட்டுகிறீர்களா?' என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: கிடையாது. உயிரைக் காக்கும் எதிலும் பழமையை நான் போற்றவில்லை. மின்கம்பிகள் அனைத்தையும் மாற்றி எர்த் இணைப்போடு ஓட்டினோம். தகடு கழன்றிருந்ததால் அது எளிதாகவே முடிந்தது. எரிவாயு ரெகுலேட்டரும் குழாயும் புதியவை. அசல் அடுப்பை வைத்துக்கொண்டோம், ஆனால் அதற்கான பயிற்சி பெற்றவரைக் கொண்டு கசிவு பார்த்த பிறகே பற்றவைத்தோம். எரிவாயுக் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தினோம். பேரிங்குகளைக் கழுவிப் புதிய கிரீஸ் வைத்தோம். டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்று பிரிந்துபோனால் தானே பிரேக் பிடிக்கும் சுவிட்ச்சைப் புதிதாகச் சேர்த்தோம். டயரின் பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே உள்ளுக்குள் இற்றுவிடும். இன்னும் ஒன்று: தரையில் 9 அங்குலச் சதுர ஓடுகள் இருந்தால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், ஏனெனில் வீட்டு வண்ணங்களில் அதை அமெரிக்கா 1978-இல்தான் தடை செய்தது. சோதித்துப் பார்க்கும் வரை இரண்டையும் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது உங்களுக்கும் நேரும். அமெரிக்காவில் தனியார் முகாம் மைதானங்கள் பலவற்றில், பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை அனுமதிப்பதில்லை என்றொரு விதி இருக்கிறது. பாழடைந்த வண்டிகள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் கூறும் காரணம்; அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அத்தகைய ஓரிடத்தில், வெளியே நின்றிருந்த எங்கள் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தே ஆண்டில் பக்கவாட்டுத் தகடு உப்பிப் பிரிந்து நின்ற ஒரு வண்டி அப்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது. முன்பதிவின்போதே ஒளிப்படங்களை அனுப்பிவிட்டால் பல இடங்களில் விதியைத் தளர்த்துகிறார்கள் என்பதைப் பிறகு அறிந்தோம். நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

நான் சொன்ன முறை மரச்சட்ட வண்டிகளுக்கே உரியது. ஏர்ஸ்ட்ரீம், ஸ்பார்ட்டன் போன்று விமானக் கட்டுமான முறையில் ரிவெட் அடித்த அலுமினிய வண்டிகளில் வெளிக்கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. அவற்றில் வெளித்தகட்டில் கை வைக்காமல் உட்புறத்திலிருந்தே வேலையைத் தொடங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே காணொளியைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான். எனவே இந்த வாரம் எதையும் கழற்ற வேண்டாம். விளிம்புப் பட்டைகளில் வெடிப்பு எங்கெங்கே இருக்கிறது, பின்மூலைகளில் பலகை எவ்வளவு உள்வாங்குகிறது, ஸ்பிரிட் பட்ட இடத்தில் மெருகு என்ன ஆகிறது என்ற மூன்றையும் மட்டும் பார்த்து, பின்சுவரின் படத்தோடு இங்கேயே கருத்தில் எழுதுங்கள். எந்தத் தகட்டில் தொடங்கலாம் என்று நானும் மைத்துனரும் பார்த்துச் சொல்கிறோம்.