பன்னாட்டு அமைப்புகள் ஒரு நாட்டின் அரசு நிர்வாகத்தை எந்த வழியில் மாற்றுகின்றன?

கடனோடு சேர்த்து விதிக்கும் நிபந்தனைகள் வழியாக என்பதே இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எதைச் சீர்திருத்தம் என்று அழைப்பது, அதை எப்படி அளப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இந்த அமைப்புகளின் செல்வாக்கு இன்னும் ஆழமானது என்பது என் கருத்து.

அரசு நடத்தப்படும் விதத்தைக் குறிக்கும் 'ஆளுகை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பு நாடுகளின் அரசியலில் தலையிடக் கூடாது என்று உலக வங்கியின் ஒப்பந்த விதிகளே சொல்கின்றன. 1980 முதல் அது வழங்கிய கட்டமைப்புச் சீரமைப்புக் கடன்கள், அதாவது பொருளாதாரக் கொள்கையை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட கடன்கள், பல நாடுகளில் எதிர்பார்த்த பலனைத் தராதபோது, குறை கொள்கையில் மட்டுமன்றி அதை நிறைவேற்ற வேண்டிய அரசு இயந்திரத்திலும் உள்ளது என்ற வாதம் வலுத்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா குறித்த 1989ஆம் ஆண்டு அறிக்கையில் வங்கி 'ஆளுகை நெருக்கடி' என்று எழுதியது. ஊழல், நீதித்துறை, அரசுப் பணியாளர் எண்ணிக்கை போன்ற முழுக்க முழுக்க அரசியலான விஷயங்களை நிர்வாக நுட்பமாகப் பேச அந்தச் சொல் இடமளித்தது.

தரவரிசைகளுக்கோ கடன்கூடத் தேவையில்லை. எளிதாகத் தொழில் செய்வதற்கான உலக வங்கியின் பட்டியல், பெரும்பாலான நாடுகளில் மிகப் பெரிய வணிக நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்க எத்தனை படிகள், எத்தனை நாட்கள், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டது. அந்தப் படிகளைக் குறைக்க அரசுகள் தனிக் குழுக்களே அமைத்தன. படிகள் குறைந்தது நல்லதே. ஆனால் அந்த நகரத்துக்கு வெளியே இருப்பவரின் அலைச்சல் கணக்கில் வரவே இல்லை. 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது வெளியானபின், 2021 செப்டம்பரில் வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது.

நிபந்தனைகளின் வரம்பைப் புரிந்துகொள்ள இலங்கையைப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது; புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் கடப்பாடுகளில் ஒன்று. ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு சட்டம் நிறைவேறியதா என்பதைத் தேதியோடு சரிபார்த்துவிடலாம் என்பதால், அதை நிபந்தனையாக எழுதுவது எளிது. புலனாய்வு செய்வோருக்குப் போதிய ஆளும் பயிற்சியும் உண்டா, செல்வாக்குள்ளவர் மீதான கோப்பு மேசையை விட்டு நகர்கிறதா என்பவற்றை அப்படி ஒரு வரியில் எழுதி, அடுத்த தவணைக்குள் சரிபார்க்க முடியாது. சட்டம் வந்தும் நடைமுறை மாறாத நாடுகள் இவ்வளவு இருப்பதற்கு இதை நான் முக்கியக் காரணமாகக் கருதுகிறேன்.

இருந்தும், அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான நிதியத்தின் ஆளுகை ஆய்வறிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். வரிவிலக்கு, அரசுக் கொள்முதல் ஆகியவற்றிலுள்ள ஓட்டைகளை அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. முக்கியமாக, யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. உள்நாட்டுக் குடிமைச் சமூக அமைப்புகளும் தம் பங்குக்கு ஓர் ஆளுகை மதிப்பீட்டை அவ்வாண்டே முன்வைத்தன. தவணைகள் முடிந்து நிதியம் விலகிய பிறகும் அரசிடம் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம் என்பதால், கடனைவிட அந்த ஆவணங்களே நெடுநாள் பயன்படும் என்று நம்புகிறேன்.