பர்ஸில் கார்டு இருக்கும், காப்பீடு இருக்காது

கேள்வி: மியூனிக்கில் ஆறு வருடமாக ஐ.டி. வேலை. அரசுப் பொதுக் காப்பீட்டில் இருக்கிறேன். வேலைக்குப் போகாத மனைவியும் ஆறு வயது மகளும் தனிப் பணம் கட்டாமல் என் பேரிலேயே சேர்ந்திருக்கிறார்கள். ஜூன் 1 முதல் எனக்கு நெதர்லாந்தின் ஐந்தோவனில் புது வேலை. மகளுக்குப் பள்ளி முடிந்து ஆகஸ்டில்தான் அவர்கள் வருவார்கள். மனைவிக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். அங்கே காப்பீடு எடுக்க நாலு மாதம் டைம் உண்டாமே, அதுவரை ஜெர்மன் கார்டின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய அட்டையை வைத்துச் சமாளிக்கலாமா? மூவரும் இந்தியப் பாஸ்போர்ட்.

பதில்: சமாளிக்க முடியாது. அந்த நீல அட்டை ஊர் சுற்றப் போகும்போதும் சில நாள் வேலைப் பயணத்துக்கும்தான். எந்த நாட்டில் வேலை பார்க்கிறீர்களோ அந்த நாட்டுக் காப்பீடு என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. ஜூன் 1 அன்று நீங்கள் டச்சுக் கணக்குக்கு மாறிவிடுவீர்கள். கார்டில் அச்சிட்ட தேதி இன்னும் பாக்கி இருந்தாலும் அது செல்லாது. காட்டி வைத்தியம் பார்த்தால் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

நாலு மாதம் உண்மைதான், ஆனால் அது இலவசம் இல்லை. செப்டம்பரில் எடுத்தாலும் ஜூன் 1 முதல் பிரீமியம் கட்டவேண்டும், பொதுவாக மாதம் 150 யூரோவுக்கு மேல். நானும் வந்த புதிதில் 'டைம் இருக்கே' என்று உட்கார்ந்திருந்து, மூன்று மாதப் பணத்தை ஒரே நாளில் கட்டினேன். நாலு மாதத்தைத் தாண்டினால் இன்னும் மோசம்: எடுத்த நாளிலிருந்துதான் காப்பீடு, இடைப்பட்ட ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் உங்கள் தலையில்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதுகூட இல்லை, மியூனிக்கில் இருக்கப்போகும் மனைவிதான். அவருக்கும் மகளுக்கும் காப்பீடு உங்கள் பேரில்தானே ஓடுகிறது? நீங்கள் வெளியேறும் நாளில் அதுவும் முடிகிறது. ஆகஸ்டு வரை இன்சுலினுக்கு என்ன செய்வார்? இதற்கு எஸ்1 என்று ஒரு படிவம் இருக்கிறது. டச்சுக் காப்பீடு எடுத்ததும் குடும்பத்துக்காக அதைக் கேட்டு வாங்கி, ஜெர்மன் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அவர்களுக்கு அங்கேயே வைத்தியம் நடக்கும், செலவு நெதர்லாந்துடையது. நீங்கள் தள்ளிப்போட்டால் இதுவும் தள்ளிப்போகும். ஆகவே பி.எஸ்.என். எண் (அங்கே குடியிருப்பைப் பதிவு செய்ததும் தரும் அடையாள எண்) கைக்கு வந்த வாரமே காப்பீடு எடுங்கள். படிவம் வந்து சேர நாளாகலாம், கையில் இரண்டு மாத மருந்து இருக்கட்டும்.

அவர்கள் வந்த பிறகு மனைவிக்குத் தனிப் பாலிசி, தனிப் பிரீமியம். ஜெர்மனி மாதிரி கணவன் பேரில் சும்மா சேர்க்க முடியாது. மகளுக்கு 18 வயது வரை பணம் இல்லை, ஆனால் பாலிசியில் பெயரைச் சேர்க்க வேண்டியது நீங்கள்தான். சர்க்கரை நோயைக் காட்டி அடிப்படைக் காப்பீட்டை மறுக்கவோ கூடுதல் பணம் கேட்கவோ எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. பல், பிசியோதெரபிக்கான கூடுதல் பாலிசிகளில் மட்டும் மறுக்கலாம்.

வருடத்துக்கு முதல் 385 யூரோ கைக்காசு, ஐகன் ரிசிகோ என்பார்கள். குடும்ப டாக்டரைப் பார்ப்பது இதில் சேராது. ரத்தப் பரிசோதனை, மருந்து சேரும். இதை இன்னும் 500 யூரோ கூட்டிக்கொண்டால் பிரீமியம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால் சரி, மனைவிக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அங்கே ஸ்பெஷலிஸ்டிடம் நேராகப் போக முடியாது. குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும். புது ஆட்களைச் சேர்க்காத டாக்டர்கள் நிறைய, அதனால் வீடு முடிவானதுமே தேடத் தொடங்குங்கள்.

ஜெர்மனியில் உங்கள் பெயரில் அப்மெல்டுங் செய்து, அதாவது ஊரை விட்டுப் போவதாகக் குடியிருப்புப் பதிவை நீக்கி, அந்தச் சான்றைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்ப மறக்காதீர்கள். அனுப்பாவிட்டால் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதிகபட்சச் சம்பளக் கணக்கில்கூட பில் போடுவார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் இதற்கெல்லாம் தடையில்லை. ஆனால் டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்தில் டச்சுக் காப்பீட்டில் கிடைக்கும் ஐரோப்பிய அட்டையும் உங்களுக்குச் செல்லாது. அங்கே அவசர வைத்தியத்துக்கு டச்சுக் கட்டண அளவுக்குத்தான் பணம் திரும்பும், மிச்சம் உங்களுடையது. சுவிஸ் ஆஸ்பத்திரி பில்லை நான் பார்த்திருக்கிறேன், பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டே போங்கள்.