அவர் மயங்கி விழவே இல்லையே, பின் எப்படி?

கேள்வி: என் கணவருக்கு 63 வயது. வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் 16 வருடம் அலுவலக அணிக்காகக் கால்பந்து ஆடினார். ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுப்பாடும் இடம். உயரத்தில் வரும் எந்தப் பந்தையும் தலையாலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று கூட ஆடியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று வருடமாக ஆள் மாறிக்கொண்டே வருகிறார். பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு மறுநாள் மறுபடியும் கொடுக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை கிடைக்காமல் நிற்கிறார். குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர், போன வாரம் சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டார். எங்கள் தெரு டாக்டர் “வயசாகுதும்மா” என்கிறார். மகனோ ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பந்தைத் தலையால் அடித்ததுதான் காரணம், இதற்கு மருந்தே கிடையாது என்கிறான். அவர் மைதானத்தில் ஒருமுறைகூட மயங்கி விழுந்ததில்லை. பின் எப்படி? எங்கள் 9 வயதுப் பேரனைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு தீர்ப்புகள் வந்துவிட்டன. ஒருவர் வயது என்கிறார், இன்னொருவர் பந்து என்கிறார். இரண்டு பேர் சொல்வதற்கும் பொருள் ஒன்றுதான்: செய்வதற்கு எதுவும் இல்லை. அதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 63 வயதில் இப்படி மறப்பதையும் சுபாவமே மாறுவதையும் வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பந்துதான் காரணம் என்று உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்றைய மருத்துவத்தாலும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே சோதித்துப் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் சில, சரிசெய்யக்கூடியவை.

முதலில் உங்கள் “பின் எப்படி”க்கு வருகிறேன். தலையில் அடிபட்டால் மயக்கம் வரவேண்டும், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் தலை கிறுகிறுக்கும், கண் கூசும், வாந்தி வருவதுபோல் இருக்கும், ஸ்கோர் என்னவென்று மறந்திருக்கும். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திரும்ப ஆடப் போய்விடுவார்கள். இதற்கும் கீழே, எந்த அறிகுறியுமே காட்டாத சிறு அடிகள் இருக்கின்றன. ஒரு ஸ்டாப்பர் பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக வருடக்கணக்கில் தலையால் அடிக்கும் பந்துகள் இந்த வகை. நீண்டகாலப் பாதிப்பைப் பொறுத்தவரை, எத்தனை முறை மயங்கினார் என்பதைவிட மொத்தம் எத்தனை வருடம், எவ்வளவு வலுவான அடிகள் பட்டன என்பதே முக்கியம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது? மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது மூளையின் ஓரம் கூடவே திரும்பும், நடுப்பகுதி கணநேரம் பின்தங்கும். உறைந்த தயிர்ப் பாத்திரத்தை வெடுக்கென்று திருப்பினால் தயிர் விரிசல் விடுமே, அந்த மாதிரி. இந்த இழுபறியில் அடிவாங்குவது நரம்புச் செல்களின் நீண்ட இழைகள். அந்த இழைகளுக்குள்ளே சத்துகளை ஏற்றிச்செல்லும் நுண்குழாய்கள் உண்டு. அவை பிரிந்துபோகாமல் பிடித்துவைத்திருப்பது டௌ என்ற புரதம். இழை இழுபட்டுச் சேதமாகும்போது டௌ அங்கிருந்து கழன்று, உருமாறி, திரண்டு படியத் தொடங்குகிறது. சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளை மெல்லச் சிதையும் நோய்) என்று உங்கள் மகன் வீடியோவில் கேட்டிருக்கக்கூடிய நோயில் இந்தப் படிவுகள் முதலில் சேருவது மூளை மடிப்புகளின் அடிப்பள்ளங்களில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி. அல்சைமர் நோயிலும் டௌ சேரும், ஆனால் இந்த அமைப்பில் அல்ல.

இது நேற்று வந்த செய்தியும் இல்லை. குத்துச்சண்டை வீரர்கள் குடிபோதையில் இருப்பவர்கள்போலத் தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். 2002-இல், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தபோது அவர் மூளையைச் சோதித்த பென்னட் ஒமாலு, அதே சிதைவைக் கண்டார். அது ஆளோடு ஆள் தலைமோதும் ஆட்டம். உங்கள் கணவர் ஆடியது அதுவல்ல. அதனால் நம் கால்பந்துக்கே வருகிறேன்.

இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்கு ஜெஃப் ஆஸ்டில் என்று ஒரு முன்கள வீரர் இருந்தார். 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர். தலையால் கோல் அடிப்பதில் பெயர் வாங்கியவர். ஐம்பது வயதுகளிலேயே மறதி தொடங்கி, 2002 ஜனவரியில், 59 வயதில் இறந்தார். அந்த மரணத்தை விசாரித்த அதிகாரி எழுதிய தீர்ப்பு: தொழில்வழி நோய். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெடுவதற்குச் சொல்லும் அதே பிரிவு, ஒரு கால்பந்து வீரருக்கு. உயிரோடு இருந்தபோது அவருக்கு இருப்பதாகச் சொல்லப்பட்டது அல்சைமர். 2014-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த நரம்பியல் நோய்க்குறி நிபுணர் வில்லி ஸ்டூவர்ட் அந்த மூளையை மறுபடி ஆராய்ந்து, அது சி.டி.இ. என்றார். ஒரு பொது விசாரணையில் தீர்ப்பே வந்த பிறகும், கால்பந்து அமைப்புகள் இதைப் பெரிய அளவில் ஆராய இத்தனை வருடம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. அவர் மகள் டான் ஆஸ்டில் விடாமல் போராடியிருக்காவிட்டால் இன்னும்கூடத் தாமதமாகியிருக்கும்.

அதே வில்லி ஸ்டூவர்ட்டின் குழு 2019-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை கால்பந்து வீரர்கள் 7,676 பேரை, அதே வயதும் வாழ்க்கைச் சூழலும் உள்ள சுமார் 23,000 சாதாரண ஆண்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. இந்த எண்ணை மட்டும் கேட்டால் பயம் வரும். பக்கத்திலேயே உள்ள இன்னொரு எண்ணையும் பாருங்கள். அந்த ஆய்வுக் காலத்தில் அப்படி இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். அதாவது ஆபத்து கூடுவது உண்மை, ஆனால் ஆடிய எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தவர்கள் வீரர்களிடம்தான் குறைவு.

2021-இல் அதே குழு மைதானத்தில் யார் எங்கே ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு ஆபத்து கூடவில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. 15 வருடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். “அந்தக் காலத் தோல் பந்து, மழையில் ஊறிக் கல்லாய்க் கனக்கும், அதனால் வந்தது” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். எந்தத் தலைமுறையில் பிறந்தவர் என்பதால் ஆபத்து மாறவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இன்றைய பந்தும் 410 முதல் 450 கிராம்தான். அதன் வேகம்தான் கூடியிருக்கிறது.

உங்கள் கணவர் ஸ்டாப்பர், 16 வருடம். ஆகவே உங்கள் மகன் சொல்வது வெறும் வதந்தி அல்ல. தலையால் அடித்த பந்துகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் சி.டி.இ.யை உறுதிசெய்ய இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்றே வழி. எம்.ஆர்.ஐ. படம் அதைச் சொல்லாது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் ஆராய்ந்த அந்த அமெரிக்கக் கால்பந்து ஆடிய 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110-இல் அது இருந்தது என்ற செய்தி உங்கள் மகன் பார்த்த வீடியோவிலும் வந்திருக்கலாம். உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும், ஏதோ சரியில்லை என்று குடும்பங்களே சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்தவை. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வடசென்னையில் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் ஒரு முழுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வயதில் ஆடத் தொடங்கினார், எந்த இடம், எத்தனை வருடம், தலையோடு தலை மோதிக் கிறுகிறுத்த சம்பவங்கள், பைக்கிலிருந்து விழுந்தது ஏதாவது, முதலில் எந்த மாற்றத்தை எப்போது கவனித்தீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். விளையாட்டைப் பற்றி மருத்துவர் தானாகக் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால்தான் தெரியும். அவருடன் ஆடிய நண்பர் ஒருவரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. உங்களுக்கே தெரியாத மோதல்கள் அவருக்கு நினைவிருக்கும். நினைவாற்றல் சோதனையைத் தமிழிலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழக்கமில்லாத மொழியில் கேட்டால் நல்ல மூளையும் தடுமாறும்.

அங்கே விட்டுவிடக் கூடாத சில சோதனைகள் உண்டு. தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும், அது மறதியாகவும் எரிச்சலாகவும் வெளிப்படலாம். அப்புறம், வயதானவர்கள் குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட மண்டையோட்டுக்கு உள்ளே மெதுவாக ரத்தம் கசிந்து தேங்கி, வாரக்கணக்கில் ஆளை மாற்றிவிடும். ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சையில் சரியாகும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். அந்தத் தூக்கக் கோளாறு பகலில் மறதியும் கோபமும் தரும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வும் இந்த வயதில் அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வரலாம். தலையில் அடிபட்டவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி மந்தமாவதும் உண்டு. ஹார்மோன் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்து அதைச் சரிசெய்தாலே, அடிப்படை நோய் வேறாக இருந்தாலும், அவர் பாதி ஆளாவது திரும்பக் கிடைக்கலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதும் மூளைக்கான வைத்தியம்தான். காது மந்தமாக இருந்தால் காதுக்கருவி வாங்கிக்கொடுக்கத் தயங்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும். மாலையில் நடக்கட்டும், பழைய ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசட்டும்.

தட்டைத் தள்ளிவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. கோபத்துக்குக் கடிவாளம் போடுவது மூளையின் முன்பகுதி. அது பழுதாகும்போது அன்பான மனிதருக்கும் பொறுக்கும் சக்தி போய்விடும். அந்த நேரத்தில் “நான் என்ன தப்பு செய்தேன்” என்று வாதாடாதீர்கள், பத்து நிமிடம் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டிவி சத்தம், கூட்டம், பசி இவற்றில் எது அவரைக் கிளப்புகிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியவரும். பால் பணம் கொடுத்ததும் காலண்டரிலேயே டிக் போடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வங்கிக் கணக்கில் இப்போதே, அவர் சம்மதத்தோடு, உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி நரம்பியல் மருத்துவரே அவரிடம் சொல்லட்டும். நீங்கள் சாவியை ஒளித்துவைத்தால் சண்டைதான் வரும். “இருந்து என்ன பயன்” என்பதுபோல் அவர் பேசினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேரனைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. பயிற்சியில் தலையால் அடிக்கச் சொல்லித்தரக் கூடாது. இது என் சொந்த நிபந்தனை அல்ல. அமெரிக்காவில் நம் வகைக் கால்பந்தை நடத்தும் சம்மேளனம் 2015-லேயே 10 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்குத் தலையால் அடிப்பதைத் தடைசெய்தது. 2020-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை நீக்கின. இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களுக்கே, வலுவான தலையடி பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று 2021-இல் வழிகாட்டுதல் வந்தது. பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். காலால் பந்தை நிறுத்தவும் கடத்தவும் தாத்தாவே சொல்லிக்கொடுக்கலாம், அவருக்கும் அது நல்லது.

பையனுக்குத் தலையில் அடிபட்டால் அன்று ஆட்டம் முடிந்தது, அவன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ஓரிரு நாள் ஓய்வு, செல்போனைக் குறைத்து லேசான நடை, அப்புறம் பள்ளிக்கூடம், மருத்துவர் சரி என்ற பிறகே மைதானம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்ப முடியாத தூக்கமோ வலிப்போ வந்தாலோ, கண்மணிகள் சமமாக இல்லாவிட்டாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். மூன்று வருடமாக இதைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது மகன் அப்பாவோடு இருக்கட்டும், நீங்கள் வெளியே போய்வாருங்கள். இரவில் மனம் தாங்காதபோது 14416-ஐ அழைத்தால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ரிப்போர்ட்டுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், குறிப்பாக பி12 அளவும் ஸ்கேன் முடிவும்.