காதுக்கு மேலே மழுங்கிய முடி: தேய்மானமா, சரியாக விழாத அச்சா?

கேள்வி: என்னிடம் மார்கன் டாலர் எனப்படும் அமெரிக்க வெள்ளி நாணயம் ஒன்று இருக்கிறது, முன்பக்கம் ஒரு பெண்முகம், பின்பக்கம் கழுகு. பின்பக்கம், மாலைக்குக் கீழே ‘ஓ’ முத்திரை. நாணயம் முழுக்கப் பளபளப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்முகத்தில் காதுக்கு மேலே உள்ள முடி மழுங்கித் தெரிகிறது. ஒருவர் இது அன்சர்குலேட்டட், அதாவது புழக்கத்துக்கே போகாதது என்கிறார், இன்னொருவர் ஏயூ 58-க்கு, அதாவது லேசாகத் தேய்ந்த, ஏறக்குறைய புதிய நாணயத்துக்கான தரத்துக்கு மேல் போகாது என்கிறார். நானே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முடியின் கோடுகள் எவ்வளவு தெரிகின்றன என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்தில் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் வண்டிச்சக்கரத்தின் ஆரம்போல ஒரு ஒளிப்பட்டை சுழல்வது இந்த வரிகளால்தான். இதைத்தான் லஸ்டர் என்கிறோம். விரலோ, துணியோ, இன்னொரு நாணயமோ உரசினால் முதலில் அழிவது மேடான இடங்களில் உள்ள வரிகள். உருவம் அப்படியே இருக்கும், வரிகள் மட்டும் போயிருக்கும். லேசான தேய்மானம் என்பது இவ்வளவுதான். அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை வையுங்கள். நானும் ஆரம்பத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒரு நாணயத்தைப் புதுசு என்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். பரவலான வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டிவிடும். கீழே மெத்தென்ற துணி விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் 5 அல்லது 10 மடங்கு லென்ஸ் போதும்.

ஒளிப்பட்டை கன்னத்தின் மேல் ஏறும்போது தடங்கல் இல்லாமல் போகிறதா? இல்லை, அந்த இடத்தில் மட்டும் அணைந்து, தாண்டிய பிறகு மறுபடி வருகிறதா? அணைந்தால் அங்கே உரசல் இருக்கிறது. நிறமும் மாறியிருக்கும்: வெள்ளியில் மந்தமான சாம்பல், செம்பில் சுற்றுப்புறத்தைவிட அடர்ந்த பழுப்பு.

உங்கள் நாணயத்தில் ‘ஓ’ முத்திரை முக்கியமான செய்தி. அது நியூ ஆர்லியன்ஸ் அச்சகத்தைக் குறிக்கிறது. அங்கே அச்சான மார்கன்களில் பல, காதுக்கு மேலேயும் கழுகின் மார்பிலும் சரியாக அச்சு விழாமலே வெளிவந்தவை. இரண்டும் நாணயத்தின் நடுவில், ஏறக்குறைய முன்னும் பின்னுமாக ஒரே நேரில் இருக்கின்றன. அழுத்தம் போதாதபோது அச்சின் ஆழமான அந்தப் பள்ளங்கள் வரை வெள்ளி போய் நிரம்புவதில்லை. புழக்கத்துக்கே போகாத நாணயத்திலும் அங்கே முடி மொட்டையாகத்தான் இருக்கும்.

அதனால் லென்ஸை அந்த மழுங்கலின் மேலேயே வையுங்கள். அங்கே சின்னச்சின்னக் குழிகளும் கீறல்களும் தெரிந்து, நிறம் பக்கத்து இடத்தைப் போலவே இருந்தால், அவை அச்சடிப்பதற்கு முன் வெற்று வில்லையில் இருந்த தழும்புகள். போதிய அழுத்தம் இல்லாததால் மறையாமல் தங்கிவிட்டவை. தேய்ந்த இடம் அப்படி இருக்காது, வழவழவென்று மங்கிக் கிடக்கும். அடுத்து கன்னம், தொப்பியின் மடிப்பு, கழுகின் இறக்கை உச்சி ஆகியவற்றைப் பாருங்கள். தேய்மானம் ஒரு மேட்டை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை விட்டுவைக்காது. காதுப்பக்கம் மட்டும் மழுங்கி, கன்னத்தில் ஒளிப்பட்டை முழுதாக ஓடினால் உங்கள் நாணயம் அன்சர்குலேட்டட் என்றுதான் நான் சொல்வேன்.

கன்னத்தில் மட்டும் மங்கல் இருந்தால்தான் சிக்கல். நாணயத்தட்டில் நழுவியதாலும், அடுக்கி வைத்ததாலும் அப்படி ஆகும். புழக்கத்தில் வந்த தேய்மானம் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. தரச்சான்று நிறுவனங்களும் சில சமயம் இதைப் பொறுத்துக்கொள்கின்றன. என் கணக்கில் உரசல் என்றால் உரசல்தான்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பள்ளங்களிலும் லஸ்டர் இல்லாமல், ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடினால், யாரோ துடைத்திருக்கிறார்கள். அது தேய்மானத்தைவிட மோசம்.

ஏயூ 58 என்று முடிவானாலும் மனம் தளர வேண்டாம். நாணயத் தரத்தை அளக்கும் 70 புள்ளி அளவுகோலில், அன்சர்குலேட்டட் தரத்தின் முதல் படியான எம்எஸ் 60 அதற்கு மேலே இருந்தாலும், மூட்டையில் மற்ற நாணயங்களோடு மோதி முகமெல்லாம் வெட்டு விழுந்த 60-ஐவிட, துளி உரசலோடு முகம் சுத்தமாக இருக்கும் 58 பார்க்க அழகு. என் பெட்டியில் இருப்பவற்றில் பாதி அப்படிப்பட்டவைதான்.

பார்க்கும்போது தூசி தெரிந்தால் துணியால் தேய்க்காதீர்கள், ஊதவும் வேண்டாம், எச்சில் தெறித்தால் கறை நின்றுவிடும். ரப்பர் பல்பால் காற்றடித்தாலே போதும்.