பிள்ளை யாரிடம்? வழக்கில் நிற்கும் அப்பாக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மனைவி கோபித்துக்கொண்டு 4 வயது மகளோடு மதுரையில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சட்டப்படி அப்பாதானே கார்டியன்? சென்னையிலேயே கஸ்டடி கேட்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

1956ஆம் ஆண்டின் இந்து சிறார் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில் அப்பாவை இயற்கைக் காப்பாளர் என்கிறது. அதே பிரிவுதான், 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 13ஆம் பிரிவோ பிள்ளையின் நலனை இரண்டுக்கும் மேலே வைக்கிறது. ஆகவே 'நான்தான் கார்டியன்' என்ற ஒரு வரியை நம்பி மனு போட்டால் முதல் வாய்தாவிலேயே வலுவிழக்கும். இந்த வயதில் உங்களுக்கு உடனடித் தேவை, மகள் உங்களை மறக்காதபடி அடிக்கடி பார்க்க வழிசெய்யும் இடைக்கால உத்தரவு. முழுக் கஸ்டடிக்கான கோரிக்கை மனுவில் இருக்கட்டும், வாதத்தின் பாரத்தை இடைக்கால உத்தரவின் மேல் வையுங்கள்.

எங்கே போடுவது? 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் போட்டால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கே அதிகாரம். சென்னையில் ப்ரீகேஜி போனதற்கான ரசீது, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் காட்டி 'வழக்கமான வீடு இதுதான், மதுரை இடையில் வந்தது' என்று வாதிடலாம். மகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டால் அந்த வாதம் மெலியும், தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகக் குடித்தனம் நடத்தியது சென்னை என்பதால், விவாகரத்து வழக்கை இங்கே உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் தொடுத்து, இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் இடைக்கால மனு போடுவது இன்னொரு வழி. மனைவி வழக்கை மதுரைக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போனால், அவரது சிரமத்துக்குத்தான் பெரும்பாலும் அதிக மதிப்பு கிடைக்கும். அங்கே வக்கீல் வைக்கும் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கும் மனுவில் என்னென்ன எழுத வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

கஸ்டடி வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் பிள்ளைக்கும் உங்களுக்கும் உள்ள ஒட்டுதலைக் காப்பாற்றுவது இந்த மனு ஒன்றுதான். அதனால் இதைக் கவனமாக எழுத வேண்டும்.

'நியாயமான நேரங்களில் பார்க்கலாம்' என்று உத்தரவு வந்தால் அது வெறும் காகிதம்தான். எது நியாயம் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை வரும், மீறியதை நிரூபிக்கவும் முடியாது. கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒப்படைக்கும் இடம், கொண்டுவந்து விடுபவர் யார் என்று ஐந்தும் மனுவில் இருக்கட்டும். உதாரணமாக: 'ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 முதல் மாலை 5 வரை, அண்ணா நகர் டவர் பூங்கா வாசலில் அம்மாவோ தாய்வழிப் பாட்டியோ ஒப்படைத்து, அதே இடத்தில் திரும்பப் பெற வேண்டும்.' வாரத்தில் மூன்று நாள் மாலை 7.30க்கு 15 நிமிட வீடியோ கால், பொங்கல் ஒரு வருடம் இங்கே என்றால் தீபாவளி அங்கே, மே மாத விடுமுறையில் பாதி, பிறந்தநாளில் சில மணி நேரம் என்று கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நாளுக்கு ஈடாக எந்த நாள் என்பதையும் சேருங்கள். அதை எழுதாமல் விடும் மனுக்களில்தான் 'உடம்பு சரியில்லை' என்ற பதில் மாதக்கணக்கில் ஓடுகிறது.

பல மாதம் பார்க்காத பிள்ளை என்றால் நீதிபதி முதலில் நீதிமன்ற வளாகத்திலேயே ஓரிரு மணி நேரம்தான் கொடுப்பார். அதை அவமானமாக நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராத நாள் ஒவ்வொன்றும் எதிர்த்தரப்பின் சாட்சி. படிப்படியாக வெளியிடம், முழு நாள், இரவுத் தங்கல் என்று கூட்டிக் கேட்க, ஒழுங்காக வந்த பதிவுதான் கைகொடுக்கும்.

சந்திப்பில் 'அம்மா என்ன சொன்னாங்க' என்று பிள்ளையின் வாயைக் கிளறாதீர்கள். அழுதால் வற்புறுத்தித் தூக்காதீர்கள். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளையைக் கொண்டுவராவிட்டால் அந்த இடத்தில் நின்றபடியே மனைவிக்கு நாகரிகமான ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: 'காலை 10 முதல் காத்திருக்கிறேன், கிருபா வரவில்லை.' அடுத்த வாய்தாவில் உங்கள் வக்கீல் அவற்றைத் தொகுத்து மெமோவாகத் தாக்கல் செய்யட்டும்.

பிள்ளையைக் காட்டாதவரை ஜீவனாம்சம் கட்டமாட்டேன் என்று நிறுத்தலாமா?
– வாசகர், தாம்பரம்

கூடாது. இரண்டும் வேறு வேறு கடமைகள். பாக்கி ஏறினால் அதை வசூலிக்க வாரண்ட் வரை போகலாம், கஸ்டடி மனுவிலும் 'பிள்ளைக்குச் சோறு போட மறுத்தவர்' என்று நிற்பீர்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். பள்ளிக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக்குக் கட்டினாலும், உத்தரவில் அப்படிச் சொல்லாவிட்டால் தொகையில் கழியாது. 2020இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் சொன்னபடி, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதில் எதையும் மறைக்காதீர்கள்.

நான்தான் மகனை வளர்த்தேன். அதை எப்படி நிரூபிப்பது? சம்பளமும் எனக்குத்தான் அதிகம்.
– வாசகர், வேளச்சேரி

சம்பளத்தை வைத்து ஜெயிக்க முடியாது. அம்மாவுக்கு வருமானம் குறைவு என்றால் நீதிமன்றம் உங்களையே பணம் கட்டச் சொல்லும். தினசரி வேலையை யார் செய்தார் என்பதுதான் விஷயம். பள்ளி டைரியில் உங்கள் கையெழுத்து, பெற்றோர் கூட்ட வருகைப் பதிவு, குழந்தை மருத்துவரின் சீட்டுகள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் கேட்ட உங்கள் செய்திகள், வேன் கட்டணம் கட்டிய யூபிஐ விவரம் என்று தேதி வரிசையில் கோத்து வையுங்கள். போனிலிருந்து எடுக்கும் எதற்கும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவில் சொன்ன மின்னணுப் பதிவுச் சான்று தேவை. அது இல்லாமல் கொடுத்தால் ஆட்சேபம் வரும்.

அடுத்த கேள்வி கட்டாயம் இதுதான்: 'நீங்கள் ஆபீஸ் போனால் பையனை யார் பார்ப்பார்?' பாட்டி என்றால் அவர் பிரமாணப் பத்திரம் தந்து குறுக்கு விசாரணைக்கும் வர வேண்டும். பையனுக்குச் சளி பிடித்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கணக்கு டீச்சர் யார் என்று கேட்டால் அவருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நைட் ஷிப்ட் என்றால் மாற்றிக்கொண்டதற்கான நிறுவனக் கடிதம் வாங்குங்கள்.

11 வயது மகள் 'அப்பாவிடம்தான் இருப்பேன்' என்கிறாள். அது போதாதா?
– வாசகர், மயிலாப்பூர்

போதாது, ஆனால் கனம் உண்டு. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, வயது எதையும் குறிக்கவில்லை. நீதிபதி வழக்கமாகத் தன் அறையில் தனியாகப் பேசுவார். சொல்லிக்கொடுத்த பேச்சு அங்கே சீக்கிரம் வெளிப்படும்: பிள்ளை வக்கீல் நோட்டீஸ் பாஷையில் பேசினால் பலன் உங்களுக்கு எதிராகத்தான். 'ஜட்ஜ் அங்கிள் கேட்டால் உனக்குத் தோன்றியதைச் சொல்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பள்ளி விட்டதும் மகனை நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமா?
– வாசகர், கொளத்தூர்

தயவுசெய்து வேண்டாம். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் சில நாட்களிலேயே பிள்ளையோடு நிற்க வேண்டிவரலாம். அதற்குப் பிறகு இரவுத் தங்கல் கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் 'ஏற்கெனவே கடத்திக்கொண்டு போனவர்' என்ற வாதம் முன்னால் வந்து நிற்கும்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். கஸ்டடியை அவருக்கு விட்டுவிட்டு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

இப்போது அவர் நல்ல மனதோடு சொல்லலாம். அவர் மறுமணம் செய்துகொண்டால், வேலை பெங்களூருக்கோ துபாய்க்கோ மாறினால், வாய்வார்த்தை நிற்காது. சந்திப்பு விவரம், பள்ளி மாற்றவும் பெரிய மருத்துவ முடிவுக்கும் இருவர் சம்மதம், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவற்றைக் கூட்டு மனுவிலேயே எழுதி, உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத முடியாமல் சிக்கினால் மத்தியஸ்த மையத்துக்கு அனுப்பக் கேட்கலாம். பிள்ளையை வெளிநாடு கொண்டுபோக நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற ஷரத்தை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, போன பிறகு மீட்பது பெரும்பாடு.

கையெழுத்துப் போட்டதோடு கதவு மூடிவிடாது. கஸ்டடி உத்தரவு சூழ்நிலைக்கேற்ப மாற்றத்தக்கது என்று 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாற்றக் கேட்பவர், அந்த உத்தரவுக்குப் பின் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். சம்மதத்தில் அல்லாமல், வழக்காடி வந்த குடும்ப நல நீதிமன்ற இறுதி உத்தரவை எதிர்ப்பதானால், உயர் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நகல் கேட்டு விண்ணப்பத்தை உத்தரவு வந்த அன்றே போட்டுவிடுங்கள்.